முகத்தைக் கடைசியில் வரையலாம், முதலில் ஆளை நிற்கவையுங்கள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் டிசைன் பிரிவில் இருக்கிறேன். குழந்தைகள் டீ-சர்ட்டின் நெஞ்சில் சிரிக்கிற கரடி, கண்ணாடி போட்ட முயல், ஸ்கூட்டர் ஓட்டுகிற யானை எல்லாம் வருகிறதே, அதை வரைகிற ஆட்களில் ஒருவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரே சேம்பிளுக்கு ஆறு மிருகங்கள் வரைந்து கொடுத்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தன. ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர் அக்கா ஒன்றும் சொல்லாமல் கரடியின் காதைக் கட்டைவிரலால் மறைத்தார், அப்புறம் முயலின் காதை. "இப்பச் சொல்லு தம்பி, இதுல எது கரடி, எது முயலு?" எனக்கே தெரியவில்லை. ஆறுக்கும் ஒரே உடம்பு, ஒரே நிற்பு, ஒரே சிரிப்பு. காதை மட்டும் கழற்றிக் கழற்றி மாட்டியிருக்கிறேன்.

வரையத் தொடங்குகிற பலருக்கும் நடப்பது இதுதான். ஒரு வட்டம் போட்டு, கண்ணை வரைந்து, கண்ணுக்குள் பளபளப்பு வைத்து, முடியைச் சீவி, அரை மணி நேரத்தை முகத்திலேயே செலவழித்துவிட்டு, மிச்சமிருக்கிற இடத்தில் ஒரு உடம்பை அவசரமாகத் தொங்கவிடுவோம். யாராவது கேட்டால் "இவன் கோபக்காரன்", "இது பயந்த சுபாவம்" என்று வாயால் சொல்வோம். படம் அதைச் சொல்லாது. நாம் பக்கத்தில் நின்று விளக்காமலேயே இவர் எப்படிப்பட்ட ஆள் என்று பார்க்கிறவருக்குத் தெரிய வேண்டும், கேரக்டர் வரைவது என்றால் அவ்வளவுதான்.

அந்தக் குணம் முகத்தில் இருக்கிறது என்று நாம் நம்புகிறோம் பாருங்கள், அங்கேதான் வண்டி குடை சாய்கிறது. பஸ் ஸ்டாண்டில் அத்தனை கூட்டத்துக்கு நடுவில், முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற உங்கள் மாமாவை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்? ஒரு தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும், கை இரண்டும் பின்னால் கோத்திருக்கும், வேட்டியை ஒரு பக்கம் மட்டும் தூக்கிப் பிடித்திருப்பார். முகம் தெரிவதற்கு முன்பே ஆள் வந்துவிட்டார்.

இந்தக் கட்டுரைக்காக ஒரு கற்பனை ஆளை எடுத்துக்கொள்வோம். பெயர் நாச்சிமுத்து. தாராபுரத்திலிருந்து பல்லடம் வழியாகக் கோவை போகிற பஸ்ஸில் கண்டக்டர், வயது 50க்கு மேல். கறார் பேர்வழி, ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் படியில் ஓடி வந்து ஏறினால் விசில் அடிப்பதை நாலு வினாடி தள்ளிப்போடுவார். அவரை வரைய ஏ4 பேப்பரும் கொஞ்சம் மென்மையான 2பி பென்சிலும் போதும். அழிப்பான் வேண்டாம், அதை இன்னொரு அறையில் வைத்துவிடுங்கள்.

முதல் வேலை ஒரே ஒரு கோடு. தலை உச்சியிலிருந்து முதுகு வழியாகக் குதிகால் வரை உடம்பு எப்படி வளைகிறது என்று காட்டுகிற கோடு. லைன் ஆஃப் ஆக்‌ஷன் என்று சொல்வார்கள். நம் ஆளுக்கு அந்தக் கோடு எப்படி இருக்கும்? பஸ் ஆடுகிறது. ஒரு கையில் டிக்கெட், இன்னொரு கையில் விரலிடுக்கில் நீளவாக்கில் மடித்த ரூபாய் நோட்டுகள். கம்பியைப் பிடிக்கக் கை மிச்சமில்லை, அதனால் இடுப்பை ஒரு சீட்டின் முனையில் முட்டுக்கொடுத்து நிற்கிறார். எடை ஒரு காலில் இறங்குகிறது. அந்தக் காலின் பக்கம் இடுப்பு உயரும், அதே பக்கத்துத் தோள் தாழும். சந்தேகமிருந்தால் எழுந்து கண்ணாடி முன் நின்று பாருங்கள். இடுப்பும் தோளும் எதிரெதிராகச் சாய்ந்தால் முதுகெலும்பு பாம்பு மாதிரி நெளியும். அந்த நெளிவுதான் நாச்சிமுத்து. அதில் 30 வருடப் பழக்கம் இருக்கிறது, பஸ்ஸோடு சண்டை போடாத ஒரு உடம்பு இருக்கிறது. இதே பஸ்ஸில் நேற்று வேலைக்குச் சேர்ந்த பையனை வரைந்தால் கோடு விறைப்பாக நேராக வரும், கால் இரண்டும் அகலும், ஒரு கை கம்பியை இறுக்கிப் பிடித்திருக்கும். இரண்டு பேருக்கும் இன்னும் கண், மூக்கு எதுவும் போடவில்லை. யார் பழைய ஆள், யார் புதுசு என்று இதற்குள் தெரிந்துவிட்டது.

இப்படி 30 வினாடிக்கு ஒன்றாக ஒரே தாளில் 20 குட்டிப் படம் போடுங்கள், ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவுதான். அதில் 17 குப்பையாக இருக்கும். பரவாயில்லை, மிச்சம் மூன்றுக்காகத்தான் போட்டோம். என் அனுபவத்தில் நல்லது முதல் ஐந்தில் வராது, ஏனென்றால் முதல் ஐந்தும் நாம் ஏற்கெனவே எங்கோ பார்த்த கண்டக்டர்கள். கை சலித்துப்போய் என்ன செய்வதென்று தெரியாமல் கிறுக்கும்போதுதான் புது ஆள் பஸ்ஸில் ஏறுவார்.

அடுத்தது வடிவம். எந்த உருவத்தையும் வட்டம், சதுரம், முக்கோணம் என்று உடைத்துப் பார்க்கலாம். வட்டம் மென்மையாக, நெருங்கலாம் போலத் தெரியும். சதுரம் அசையாத ஆள். முக்கோணம், குறிப்பாகக் கூர்முனை நம்மைப் பார்த்து இருந்தால், ஆபத்து. காங்கயம் காளையை இரண்டு தடவை வரைந்து பார்த்தால் இது சட்டென்று புரியும். ஒரு தடவை திமிலைக் கூராக எழுப்பி, கொம்பின் வளைவைக் குறைத்து நுனியைச் சீவி, தலையை ஆப்பு மாதிரி வரையுங்கள். இன்னொரு தடவை திமிலை உருண்டையாக்கி, கொம்பைப் பெரிய வளைவாக விட்டு, மூக்கை அகலமாக்குங்கள். முதல் காளை முட்ட வருகிறது, இரண்டாவது தவிட்டுக்காகக் காத்திருக்கிறது. மாடு ஒன்றுதான்.

ஆனால் இதைச் சட்டமாக்கிக்கொள்ளாதீர்கள். உருண்டை என்றால் நல்லவன், கூர்மை என்றால் வில்லன் என்று எல்லாரும் போட்டுப் போட்டு அது தேய்ந்துவிட்டது. கலந்து பாருங்கள். நாச்சிமுத்துவுக்கு நான் தோளையும் நெஞ்சையும் சதுரமாக வைத்தேன், கையை மட்டும் குட்டையாக, விரல்களை உருண்டையாக. தூரத்தில் பார்த்தால் கறார். கிட்டத்தில் வந்து கையை நீட்டினால் பயம் இல்லை.

அளவு பற்றியும் சொல்ல வேண்டும். ஓவியர்கள் உயரத்தைத் தலையால் அளப்பார்கள். வளர்ந்த ஒருவர் சுமார் ஏழரைத் தலை உயரம், பிறந்த குழந்தை ஏறக்குறைய நாலு தலை. அதனால்தான் தலையைப் பெரிதாக்கினால் எந்த உருவமும் குழந்தைத்தனமாகிவிடுகிறது. பெரிய தலை, பெரிய கண், உப்பிய கன்னம் இதெல்லாம் சேர்ந்தால் நமக்குப் பராமரிக்கத் தோன்றுகிறது என்று கொன்ராட் லோரன்ஸ் என்ற விலங்கு நடத்தை ஆய்வாளர் 1943இல் எழுதினார். டீ-சர்ட் கரடிகள் இரண்டரைத் தலையில் நிற்பதன் ரகசியம் அதுதான். நாச்சிமுத்துவை இரண்டரைத் தலையில் வரைந்தால் பொம்மை, எட்டுத் தலையில் வரைந்தால் சினிமா ஹீரோ. ஐந்தில் வைத்தேன், கொஞ்சம் சிரிப்பு வரும், மரியாதையும் போகாது. சிவகாசியிலிருந்து வரும் லயன் காமிக்ஸில் லக்கி லூக் என்கிற கௌபாய் கதை படித்தவர்களுக்கு அதில் வரும் கொள்ளைக்கார டால்டன் சகோதரர்களைத் தெரிந்திருக்கும். நாலு பேருக்கும் ஒரே முகம், ஒரே மீசை, உயரம் மட்டும் படிப்படியாக ஏறும். குட்டையானவன் கோபத்தின் உச்சம், நெட்டையானவன் முட்டாள்தனத்தின் உச்சம். உயரத்தை வைத்தே நாலு குணத்தைப் பிரித்துவிட்டார்கள். நான் ஆறு மிருகத்துக்குக் காதை மாற்றியதும் இதுவும் ஒன்றா என்றால் இல்லை. இங்கே மாற்றிய ஒரே விஷயத்தில் குணம் இருக்கிறது, என் காதில் ஒன்றுமே இல்லை.

இனி நிழல் சோதனை. வரைந்த உருவத்தை உள்ளே முழுக்கக் கறுப்பாக நிரப்பிவிடுங்கள். வெளிக்கோடு மட்டும் பார்த்து யார் என்று சொல்ல முடிகிறதா? முடியாவிட்டால் உள்ளே எத்தனை சுருக்கம், எத்தனை பட்டன் வரைந்தும் பிரயோஜனமில்லை. என் முதல் நாச்சிமுத்து இதில் தோற்றார். தோல் பை வயிற்றுக்கு நேர் முன்னால் இருந்ததால் கறுப்பில் கறுப்பாகக் கரைந்துவிட்டது. பையை இடுப்புப் பக்கம் தள்ளி, முழங்கையை உடம்பிலிருந்து விலக்கி, கைக்கும் இடுப்புக்கும் நடுவில் ஒரு முக்கோண ஓட்டை விட்டேன். அந்த ஓட்டை வந்ததும் ஆள் தெரிந்தார்.

சரி, முகம் இல்லாமல் உடம்பே குணத்தைச் சொல்லிவிடும் என்பதற்கு என்னிடம் ஒரு பயிற்சி இருக்கிறது. கொங்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இது சுலபம், மற்றவர்கள் பயணம் வரவேண்டும். மாட்டுச் சந்தைக்குப் போங்கள், ஈரோடு கருங்கல்பாளையமோ பொள்ளாச்சியோ எதுவானாலும் சரி. அங்கே தரகர்கள் விலையை வாயால் சொல்லாமல் துண்டைக் கையின் மேல் போட்டு, துண்டுக்குள் ஒருவர் விரலை ஒருவர் பிடித்துப் பேசுவதைப் பார்க்கலாம். எந்த விரல், எத்தனை விரல் என்பதில் தொகை இருக்கிறது. சுற்றி நிற்பவர்களுக்கு விலை தெரியக் கூடாது, அதனால் முகத்தையும் கல் மாதிரி வைத்திருப்பார்கள். இப்போது யோசியுங்கள்: கை துண்டுக்குள், முகத்தில் ஒன்றுமில்லை, வாய் மூடியிருக்கிறது. விற்க அவசரப்படுகிறவர் யார், விட்டால் போதும் என்று இருக்கிறவர் யார் என்று எதை வைத்து வரைவீர்கள்?

நான் ஒரு காலைப்பொழுது முழுக்க உட்கார்ந்து வரைந்தேன். முதல் அரை மணி நேரம் வெறும் துண்டாக வந்தது. அப்புறம்தான் காலைப் பார்க்கத் தோன்றியது. அவசரக்காரரின் ஒரு பாதம் ஏற்கெனவே வேறு பக்கம் திரும்பி இருந்தது, அடுத்த ஆளிடம் போவதற்குத் தயாராக. எதிரில் இருந்தவர் இரண்டு பாதத்தையும் மண்ணில் நட்டுவைத்து, உடம்பைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, மாட்டைக்கூடப் பார்க்காமல் நின்றார். அதற்கப்புறம் தோள். கேட்ட தொகை பிடிக்காதபோது அவருடைய தோள் ஒரு விரற்கடை மேலே போய்விட்டு இறங்கும், அவ்வளவுதான். அந்தத் தோளை வரைந்த தாள் இன்னும் என் மேஜையில் ஒட்டியிருக்கிறது. கோடு கேவலமாக இருக்கும், மாடு நாய் மாதிரி இருக்கும், ஆனால் அந்த இரண்டு ஆட்களையும் எங்கே பார்த்தாலும் கண்டுபிடித்துவிடலாம். (ஒரு விஷயம்: வரைகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்தால் வரி போட வந்த ஆள் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.)

துண்டைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன், உடையும் பொருளும் அலங்காரம் இல்லை. ஒரே துண்டு தோளில் கிடந்தால் ஒரு ஆள், தலையில் உருமாலாகக் கட்டினால் வேலையில் இருக்கிற ஆள், இடுப்பில் சுற்றினால் எதையோ தூக்கப்போகிற ஆள், கக்கத்தில் இடுக்கினால் யாரோ பெரிய மனிதர் முன் நிற்கிறார். கார்ட்டூனிஸ்ட் ஆர்.கே. லட்சுமண் 1951இல் வரையத் தொடங்கிய 'சாமானிய மனிதர்' என்ற கேரக்டரைப் பாருங்கள், கட்டம் போட்ட கோட்டு, வேட்டி, கண்ணாடி. அந்தக் கோட்டும் வேட்டியும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருப்பதிலேயே அவர் எங்கே மாட்டிக்கொண்டு நிற்கிறார் என்பது வந்துவிடுகிறது. அத்தனை வருடமும் அவர் வாயைத் திறந்து பேசியதில்லை.

இனி கோடு. இங்கேதான் ஸ்டைல் என்கிற சங்கதி வருகிறது, இதை ஆரம்பத்தில் யாரும் சரியாகச் சொல்லித்தருவதில்லை. ஸ்டைல் என்றால் கண்ணை எப்படிப் போடுகிறோம், முடியை எப்படி நிழலடிக்கிறோம் என்பது என நினைத்துக்கொண்டு பிடித்த ஓவியரைக் காப்பி அடித்துக்கொண்டே இருப்போம். காப்பி அடிப்பது தப்பில்லை, கை பழகும். ஆனால் கோட்டுக்கே ஒரு குணம் உண்டு. வேகமாக அழுத்தி இழுத்த கோடு, மெதுவாக நடுங்கி வந்த கோடு, ஒரே தடிமனில் போகிற கோடு, நடுவில் விட்டுவிட்டு வருகிற கோடு, இவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஆள்.

கொங்கு நாட்டு அண்ணன்மார் கதையை உடுக்கைப் பாட்டாகக் கேட்டு வளர்ந்தவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். அந்தக் கதையின் நாயகர்கள் பொன்னரும் சங்கரும் இரட்டைப் பிள்ளைகள். பொன்னர் நிதானம், சங்கர் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. இந்த இருவரையும் ஒரே முகத்தோடு, ஒரே உடையோடு, ஒரே உயரத்தில், சும்மா பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற மாதிரி வரையுங்கள். நிற்பைக்கூட மாற்றாதீர்கள். கோட்டை மட்டும் மாற்றுங்கள். பொன்னரை 2பியில், தோளிலிருந்து கையை அசைத்து, நீளமான, இடையில் நிற்காத கோடுகளால். சங்கரைப் பிரஷ் பேனாவில், மணிக்கட்டால் வெட்டி வெட்டி, கோடு ஆரம்பிக்கிற இடத்தில் தடித்து முடிகிற இடத்தில் ஊசியாக. முடித்துவிட்டுத் தாளைத் தூரத்தில் வைத்துப் பாருங்கள். ஒருவர் பேசினால் கேட்பார், மற்றவர் இப்போதே கிளம்பிவிடுவார்.

நாச்சிமுத்துவுக்குப் பென்சிலில் அருமையான சன்னக் கோடுகள் போட்டிருந்தேன். சொந்த ஆசைக்கு அவரை ஒரு டீ-சர்ட்டில் அச்சடித்துப் பார்த்தபோது பாதிக் கோடு காணாமல் போனது. எங்கள் வேலையில் ஒரு கலருக்கு ஒரு ஸ்கிரீன், அதாவது மையைத் துணியில் இறக்குகிற வலைச் சட்டம், மயிரிழைக் கோடு ஸ்கிரீனில் நிற்காது, சில இடத்தில் மை அடைத்துக்கொள்ளும், சில இடத்தில் விட்டுப்போகும், மிச்சத்தைப் பனியன் துணி இழுபட்டுக் கோணலாக்கும். அதனால் தடித்த கோடு, மூன்று கலர், அதற்குமேல் இல்லை என்று ஆனது. முகத்தில் இருந்த பதினைந்து சுருக்கங்களை இரண்டாகக் குறைக்க வேண்டி வந்தது. எந்த இரண்டு என்று யோசித்த அந்த ஒரு வாரத்தில்தான் அவர் முகம் எனக்குப் புரிந்தது. என் ஸ்டைல் என்று இன்று யாராவது சொன்னால் அதில் பாதி அந்த ஸ்கிரீன் கற்றுக்கொடுத்தது. செல்போன் ஸ்டிக்கருக்கு வரைகிறவருக்கு வேறு தடை இருக்கும், நியூஸ் பேப்பருக்கு வரைகிறவருக்கு வேறு. ஸ்டைலைத் தேடி அலைய வேண்டாம், உங்கள் பொருள் எதை அனுமதிக்கவில்லை என்று பாருங்கள்.

இப்போது முகத்துக்கு வரலாம். ஆறு வட்டம் போட்டு மகிழ்ச்சி, சோகம், கோபம், பயம், வெறுப்பு, ஆச்சரியம் என்று வரைந்து பழகச் சொல்வார்கள். வரையுங்கள், புருவமும் இமையும் வாயும் எப்படி வேலை செய்கின்றன என்று கை தெரிந்துகொள்ளும். ஆனால் அந்த ஆறும் எல்லாருக்கும் பொது. நாச்சிமுத்து எப்படிக் கோபப்படுவார் என்பதுதான் கேள்வி. இங்கே கொங்குத் தமிழ் ஒரு வேலை செய்கிறது. நம் ஆட்கள் கோபம் தலைக்கேறினாலும் மரியாதையை விடுவதில்லை. "ஏனுங்க, ஏறும்போதே சில்லறை எடுத்து வெச்சுக்கோணுமல்லங்க? நான் எங்கீங்க போவேன்?" வார்த்தையில் எல்லாம் 'ங்க' இருக்கிறது, குரலில் அது இல்லை. இதை வரையும்போது புருவத்தைக் கீழே இறக்கி, வாயைக் கோணி, பல்லைக் காட்டினால் அது வேறு ஊர்க் கோபம். இவருக்கு வாய் ஏறக்குறையச் சிரிக்க வேண்டும். மேல் இமை பாதி இறங்க வேண்டும். தலை பத்து டிகிரி சாய வேண்டும், "சொல்லுங்க" என்கிற மாதிரி. கோபம் முழுவதும் கையில், நோட்டுக் கத்தையைப் பிடித்திருக்கிற அந்த உருண்டை விரல்கள் மடங்குகிற மடிப்பில். முகம் ஒன்றைச் சொல்லி உடம்பு வேறொன்றைச் சொல்லும்போது பார்க்கிறவர் இந்த ஆளுக்கு உள்ளே ஏதோ ஓடுகிறது என்று தானாகவே நினைத்துக்கொள்வார். மிச்சம் வைத்த இரண்டு சுருக்கங்களும் கண்ணோரத்தில் இருக்கின்றன. சிரிப்பிலும் அதுதான் விழும், கோபத்திலும் அதுதான்.

ஆள் கிடைத்துவிட்டாரா, உடனே ஒரு தாளில் முன்பக்கம், பக்கவாட்டு, முதுகு என்று மூன்றையும் ஒரே உயரக் கோட்டில் நிறுத்தி வரைந்து வைத்துவிடுங்கள். ஐந்து தலை என்றால் ஐந்து கோடு, தோள், இடுப்பு, முழங்கால் எங்கே விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மாடல் ஷீட் என்பது இதுதான். சலிப்பான வேலை, அதனால் எல்லாரும் தள்ளிப்போடுவோம், நானும்தான். தள்ளிப்போட்டால் நாலாவது படத்தில் விசில் இடது பாக்கெட்டுக்கும் ஐந்தாவது படத்தில் வலது பாக்கெட்டுக்கும் போயிருக்கும், ஆறாவதில் ஆளே இளைத்திருப்பார்.

அப்புறம் அவருக்கு எதிரில் இன்னொரு ஆளை நிறுத்துங்கள். தனியாக நிற்கிற கேரக்டர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் போட்டோவுக்கு நிற்கிற மாதிரிதான் நிற்பார். குண்டடத்தில் ஏறி, 20 ரூபாய் டிக்கெட்டுக்கு 500 ரூபாய்த் தாளை நீட்டுகிற கல்லூரிப் பையன் ஒருவனை வரையுங்கள். இரண்டு பேருக்கும் முகம் போடாமல், அவனுக்குக் கூச்சமா திமிரா என்பது தெரிய வேண்டும். எனக்கு அவனுடைய கை கிடைத்துவிட்டது, நோட்டை முழுதாக நீட்டாமல் முழங்கையை உடம்போடு ஒட்டிவைத்திருக்கிறான். பையை முதுகில் மாட்டியிருக்கிறானா மார்பில் மாட்டியிருக்கிறானா என்பதில்தான் இன்னும் முடிவாகவில்லை, இந்த வாரம் மட்டும் பதினோரு தடவை மாற்றிவிட்டேன்.